லடாக்குக்கு வண்டி கட்டிக் கிளம்புகிறவர்கள் வீட்டிலேயே செய்துவிடுகிற தவறுகள்

முதல் தடவை நாங்கள் போனபோது, மணாலி-லே சாலையில் இருக்கும் சர்ச்சுவில் இரவு பதினொரு மணிக்கு, பதினொரு பேரில் ஏழு பேர் கூடாரத்துக்கு வெளியே குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மீதி நாலு பேருக்கும் மண்டை இடி, ஆனால் வாயைத் திறக்கவில்லை. கோவையிலிருந்து மூன்று வண்டிகளில் கிளம்பி, மணாலி வரைக்கும் சுமார் 3,000 கிலோமீட்டர் பாட்டும் கும்மாளமுமாக வந்த கூட்டம் அது. காலையில் எழுந்து பார்த்தால் யாரும் யாரோடும் பேசவில்லை.

அந்த ராத்திரிக்கான காரணம் சர்ச்சுவில் இல்லை, மூன்று மாதம் முன்னால் வீட்டில் உட்கார்ந்து போட்ட பயணத் திட்டத்தில் இருந்தது. மணாலியிலிருந்து லடாக்கின் முக்கிய ஊரான லே வரைக்கும் ஏறக்குறைய 430 கிலோமீட்டர். "கோவையிலிருந்து சென்னைக்கு ஐந்நூறு கிலோமீட்டரை ஒரே பகலில் போறோம், இதை ரெண்டு நாளாப் பிரிச்சாப் போதாதா" என்று ஒருத்தர் கேட்டார், எல்லாரும் தலையாட்டினோம். இரண்டாகப் பிரித்தால் நடுவில் வருவது சர்ச்சு. அங்கே டென்ட் போடுகிற இடமும் இருக்கிறது, ஆறும் இருக்கிறது, படத்தில் பார்க்க அள்ளிக்கொண்டு போகிறது. சரி, அங்கேயே படுக்கலாம் என்று எழுதிவிட்டோம்.

அப்போது யாரும் பார்க்காத எண் ஒன்று இருந்தது. மணாலி இருப்பது சுமார் 2,050 மீட்டரில், சர்ச்சு இருப்பது சுமார் 4,290 மீட்டரில். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், நீலகிரியிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதன் உச்சியில் நின்றுகொண்டு, தலைக்கு மேல் இன்னும் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நேர்செங்குத்தாக ஏறினால் எந்த உயரம் வருமோ அங்கே, ஒரே பகலில் போய்ப் பாயை விரித்துப் படுத்தோம்.

லடாக் பக்கம் தூரத்தைக் கிலோமீட்டரில் எண்ணுவதுதான் எல்லாத் தவறுக்கும் தாய்த் தவறு என்பேன். அங்கே எண்ண வேண்டியது இன்று ராத்திரி எந்த உயரத்தில் படுக்கிறோம், நேற்று எந்த உயரத்தில் படுத்தோம் என்பதை. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கும் உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது, மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை அதே இடத்தில் கூடுதலாக ஒரு நாள் தங்க வேண்டும் என்பதுதான் மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்கிற கணக்கு. பகலில் உயரமான கணவாயைத் தாண்டிப் போகலாம், அதனால் பெரிய பாதகமில்லை. படுக்கிற இடம் தாழ்வாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சர்ச்சுவில் இன்னொரு வில்லங்கமும் உண்டு, இதை அங்கே மாட்டிக்கொண்ட பிறகுதான் வரைபடத்தில் கவனித்தோம். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வருகிற உயர நோய்க்கு உண்மையான மருந்து கீழே இறங்குவது. ஆனால் சர்ச்சுவிலிருந்து இறங்க வேண்டுமென்றால் முதலில் ஏற வேண்டும்! மணாலி பக்கம் திரும்பினால் 4,850 மீட்டரைத் தாண்டும் பாராலாச்சா லா ('லா' என்றால் கணவாய்). லே பக்கம் போனால் 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கட்டா லூப்ஸ், அதன் பின்னால் நாக்கீ லா, 5,000-ஐத் தாண்டும் லாச்சுங் லா, கடைசியாக 5,300-ஐத் தாண்டும் தங்லங் லா. இரண்டு பக்கமும் கதவைப் பூட்டிய அறைக்குள் படுத்த மாதிரி. ராத்திரி இரண்டு மணிக்கு ஒருத்தருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தால் எந்தப் பக்கம் போவீர்கள்?

அடல் சுரங்கம் வந்த பிறகு இந்தத் தவறு இன்னும் சுலபமாகிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. 2020 அக்டோபரில் திறந்தார்கள், 9 கிலோமீட்டர் நீளம். அதற்கு முன்னால் ரோத்தாங் கணவாயைத் தாண்டுவதிலேயே பாதி நாள் போய்விடும், சேற்றிலும் நெரிசலிலும் நொந்துபோய் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ படுத்துவிடுவார்கள், அதாவது 3,100, 3,200 மீட்டரில். உடம்புக்கு அது நல்லதாகவே அமைந்தது. இப்போது மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கேலாங் வந்துவிடுகிறது, "இன்னும் வெளிச்சம் இருக்கே, விடு வண்டிய" என்று ஒரு குரல் கண்டிப்பாக எழும்பும்.

அப்போ எப்படித்தான் போவது? மணாலி வழியே என்றால் ஜிஸ்பாவில் இரண்டு ராத்திரி இருங்கள். மூன்றாம் நாள் விடிகாலை நாலரைக்கு வண்டியை எடுத்து, நடுவில் எங்கேயும் படுக்காமல் லேவுக்குப் போய்ச் சேருங்கள். நீண்ட நாள்தான், முதுகு கழன்றுவிடும், ஆனால் லே 3,500 மீட்டர், அங்கே தூக்கம் வரும். இதைவிட நல்லது ஸ்ரீநகர் வழியே ஏறி மணாலி வழியே இறங்குவது. ஸ்ரீநகர் 1,600 மீட்டருக்குள், சோனாமார்க் 2,700 வாக்கில், கார்கில் அதே அளவு, அப்புறம் லே. வழியில் ஜோஜி லா 3,528 மீட்டர், ஃபோட்டு லா 4,100 சொச்சம், இரண்டையும் பகலில் தாண்டிவிடுகிறோம், எதன் மேலும் படுப்பதில்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அமர்நாத் யாத்திரைப் போக்குவரத்து குறுக்கே வரும், அதற்கு ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும்.

தலைவலியை மறைக்கிறவர்

தனியாகப் போகிறவர் தலை வலித்தால் நின்றுவிடுவார். கூட்டமாகப் போகிறவர் நிற்க மாட்டார், ஏனென்றால் தன்னால் பத்துப் பேருடைய பயணம் கெட்டது என்று பெயர் வரக்கூடாது. எங்கள் கூட்டத்தில் வயதில் மூத்த அண்ணன் ஒருவர், தினமும் காலையில் அஞ்சு கிலோமீட்டர் ஓடுகிறவர், "எனக்கு ஒண்ணுமில்லப்பா, ராத்திரி சாப்பிட்டது செரிக்கல" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்றாம் நாள் காலையில் ஷூ லேஸைக் கட்டத் தெரியாமல் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

ஓடுகிறவர், ஜிம்முக்குப் போகிறவர், மாரத்தான் முடித்தவர் என்பதற்கெல்லாம் உயர நோய் மரியாதை கொடுப்பதில்லை. தலைவலியோடு வாந்தி, பசியின்மை, தூக்கமின்மை இருந்தால் அங்கேயே நிற்க வேண்டும், அதற்கு மேல் ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் நிற்காமல் வந்தால், பேச்சு குழறினால், நடை தள்ளாடினால் அது வேறு ரகம். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்கிறது என்று அர்த்தம், அதற்குக் காத்திருக்கவே கூடாது, நடு ராத்திரியானாலும் இறக்க வேண்டும். சந்தேகம் வந்தால் தரையில் ஒரு கோடு போட்டு, ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல் நுனியோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். நேராக நடக்க முடியாத ஆளை உடனே வண்டியில் ஏற்றிக் கீழே இறக்குங்கள். அந்த அண்ணனால் நாலு அடிகூட வைக்க முடியவில்லை. நல்லவேளை அப்போது நாங்கள் இருந்த இடத்திலிருந்து லேக்கு நாலு மணி நேரத்தில் இறங்க முடிந்தது, அங்கே அரசு மருத்துவமனையில் இந்த மாதிரிக் கேஸ்களைத் தினமும் பார்த்துப் பழகியவர்கள் இருந்தார்கள், பிழைத்தார்.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். காலையில் டீ குடிக்கும்போது ஒவ்வொருவரும் அவரவர் நிலையைச் சொல்வதில்லை, பக்கத்தில் படுத்தவர் நிலையைச் சொல்வார்கள். "இவன் ராத்திரி மூணு தடவை எழுந்தான், சாப்பாட்டைத் தொடவே இல்ல" என்று கூடாரத்துத் தோழன் போட்டுக்கொடுத்துவிடுவான். தன் வாயால் ஒப்புக்கொள்ளாத விஷயமெல்லாம் இப்படி வெளியே வந்துவிடும்.

மாத்திரை விஷயத்தில் இரண்டு வகை ஆட்கள். டயாமாக்ஸ் போட்டுவிட்டோம், இனி ஒன்றும் செய்யாது என்று ஒரே நாளில் ஏறுகிறவர்கள் ஒரு வகை. அது உடம்பு பழகுவதைக் கொஞ்சம் வேகப்படுத்தும், அவ்வளவுதான், கவசம் கிடையாது. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். மற்றவர்களும் கேட்டுவிடுவது நல்லது, விரல் நுனி மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் அதன் வேலை என்று தெரியாமல் பயந்துபோகிறவர்கள் உண்டு. இன்னொரு வகை, கையடக்க ஆக்சிஜன் கேன் நாலு வாங்கி டிக்கியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள். அந்தக் கேன் தொடர்ந்து இழுத்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அப்புறம் அந்த விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர். லேயில் முதல் நாள் 85, 88 என்று காட்டுவது சகஜம், ஊரில் 98 பார்த்துப் பழகியவருக்கு அந்த எண்ணைப் பார்த்தே பாதி சீக்கு வந்துவிடும். குளிரில் விரைத்த விரலில் அது தப்பாகவும் காட்டும். ஆளைப் பாருங்கள், எண்ணை அப்புறம் பார்க்கலாம்.

முதல் இரண்டு ராத்திரி மது வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். இதைச் சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார்கள், அவர்களிடம் ஊரிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

விமானத்தில் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்கிறவர்

பத்து நாள் லீவு கிடைக்காத ஒருத்தர் எப்போதும் இருப்பார். "நீங்க ரோட்ல வாங்க, நான் லேக்கு ஃபிளைட்ல வந்துடறேன்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரோட்டில் வந்தவர்களுக்கு உடம்பு பழகியிருக்கும், விமானத்தில் வந்தவர் கடல் மட்டத்திலிருந்து ஒரே தாவலாக 3,500 மீட்டருக்கு வந்திருப்பார், அங்கே காற்றில் நம்ம ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன்தான். அவருக்கு முழுதாக இரண்டு நாளாவது ஓய்வு வேண்டும். மற்றவர்கள் மறுநாள் காலையே கர்துங் லா ஏறத் துடிப்பார்கள். அவரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு 5,359 மீட்டருக்குப் போவார்கள், கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக் காற்றுதான் அங்கே. (அந்தக் கணவாயின் பெயர்ப் பலகையில் ரொம்ப காலம் 18,380 அடி என்று எழுதியிருந்தார்கள், அளந்து பார்த்தால் 17,582 அடிதான் வருகிறது. எண்ணூறு அடி சும்மா வந்த பெருமை.) விமானத்தில் வருகிறவரை, ரோட்டுக் கூட்டம் லே வந்து சேருவதற்கு இரண்டு நாள் முன்னாடியே வரச் சொல்லுங்கள். தனியாக ஒரு அறையில் படுத்துக் கிடக்கட்டும், பரவாயில்லை.

காகிதம், சிம், வாடகை வண்டி

இது சின்ன விஷயம்தான், ஆனால் மொத்தப் பயணத்தையும் மடக்கிப் போடக்கூடியது. மற்ற மாநிலத்து ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். வண்டிக்கு ஒருத்தரிடமாவது இருக்கட்டும், அதுவும் வெவ்வேறு நிறுவனத்துடையதாக இருந்தால் நல்லது. சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே ஸ்கேன் செய்ய முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் கையில் ஐநூறு ரூபாயோடு வழியில் இருக்கும் மோர் என்கிற சமவெளியில் வந்து நிற்பார்கள். பொதுச் செலவுக்கு ஒருத்தரைக் காசாளர் ஆக்கி, ரொக்கத்தை இரண்டு வண்டியில் பிரித்து வையுங்கள்.

மணாலியிலோ ஸ்ரீநகரிலோ பைக் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போகிறவர்கள் லே வரைக்கும் போகலாம். அதற்கு மேல் நுப்ரா பள்ளத்தாக்கு, பாங்கோங் ஏரி எல்லாம் அந்த பைக்கில் போனால் உள்ளூர் வாடகைச் சங்கத்தார் மறிப்பார்கள், லேயில் வேறு பைக் எடுக்க வேண்டியிருக்கும். செல்ஃப் டிரைவ் வாடகைக் காருக்கும் இதே தொல்லை. சொந்த வண்டி என்றால் பிரச்சினை இல்லை, ஆனால் ஆர்சி யார் பேரில் இருக்கிறதோ அவர் வண்டியில் இருக்கட்டும். அனுமதிச் சீட்டு, சுற்றுச்சூழல் கட்டணம் இவற்றின் விதிகள் அடிக்கடி மாறும், போன வருஷம் போய் வந்த நண்பர் சொன்னதை நம்பாமல் கிளம்புகிற வாரம் லே மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் பாருங்கள். சாட்டிலைட் போனோ செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவியோ அமெரிக்காவிலிருந்து மச்சான் வாங்கி வந்தான் என்று எடுத்துக்கொண்டு போகாதீர்கள். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கும், எல்லைப் பகுதியில் அதற்கு விளக்கம் சொல்லி மாளாது.

ஓடையும் கொக்கியும்

மலை ஓடைகளை அங்கே நாலா என்பார்கள். பாங்கோங் போகிற வழியில் பாகல் நாலா என்றே ஒன்று உண்டு, பைத்தியக்கார ஓடை என்று அர்த்தம். காலை ஏழு மணிக்குப் பார்த்தால் கணுக்கால் நனையாது. வெயில் ஏற ஏற மேலே பனி உருகும், உருகிய தண்ணீர் கீழே வந்து சேர மதியம் இரண்டு மூன்று மணி ஆகும், சாயங்காலம் அதே ஓடை கல்லை உருட்டிக்கொண்டு ஓடும். ஆக, ஓடை இருக்கிற வழியைக் காலையில் கடந்துவிட வேண்டும் என்பது அங்கே லாரி ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த பாடம். நாங்கள் என்ன செய்தோம்? பூரி, கிழங்கு எல்லாம் ஆற அமரச் செய்து சாப்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்குக் கிளம்பினோம்.

மாலை நாலு மணி, பெயர் தெரியாத ஒரு ஓடை. முதல் வண்டி தாண்டிவிட்டது. இரண்டாவது வண்டி நடுவில் ஒரு கல்லில் ஏறி நின்றுவிட்டது, தண்ணீர் கதவின் அடி விளிம்பைத் தொட்டது. கயிறு இருந்தது, புதுசு, ஐந்து டன் இழுக்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. கட்டுவதற்குத்தான் இடமில்லை. இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் இழுவைக் கொக்கி வண்டியோடு சேர்ந்து இருக்காது, பம்பரில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்து கொக்கியைத் திருகி மாட்ட வேண்டும், கொக்கி ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஜாக்கியோடு கிடக்கும். எங்கள் ஸ்டெப்னி டிக்கியின் அடியில், அதன் மேல் நாலு பேர் பெட்டி, அரிசி மூட்டை, இரண்டு கூடாரம், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் (யார் கொண்டு வந்தார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை). முழங்காலளவு ஐஸ் தண்ணீரில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கை மாற்றிக் கை மாற்றிக் கரைக்குக் கொண்டு வந்தோம். பொறுமை இல்லாத ஒருத்தன் அதற்குள் கயிற்றைப் பம்பரிலேயே கட்டி இழுக்கச் சொன்னான். பம்பர் வந்தது, வண்டி வரவில்லை.

கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலிலேயே கொக்கியை எடுத்து ஒருமுறை மாட்டிப் பாருங்கள். கொக்கி, கயிறு, ஜாக்கி, காற்றுப் பம்ப், பஞ்சர் பெட்டி இவ்வளவும் சாமானுக்கு மேலே இருக்க வேண்டும், அதுவும் கடைசியில் வருகிற வண்டியில். ஏனென்றால் முன்னால் போன வண்டி திரும்பி வருவதற்குள் பின்னால் மாட்டியவர் நனைந்து போவார். வரிசை விஷயத்தில் ஒரே விதிதான்: கண்ணாடியில் பின்வண்டி தெரியவில்லையா, நில். முன்வண்டியைத் துரத்துவது உன் வேலை இல்லை. ரொம்ப நிதானமாக ஓட்டுகிறவரை இரண்டாவதாக விடுங்கள், மொத்தக் கூட்டமும் அவர் வேகத்தில் போகும். மூன்று மணிக்குக் கூடாரம் அடிக்கிற இடத்தில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் ஓடை, காற்று, இருட்டு மூன்றும் தன்னால் அடங்கிவிடும்.

எரிபொருளைப் பற்றி ஒரு பத்தி. கேலாங்குக்குச் சற்று முன்னால் தாண்டியில் இருக்கும் பெட்ரோல் பங்கில் "அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்" என்ற பலகை ரொம்பப் பிரபலம், எல்லாரும் அதன் முன் நின்று படம் எடுப்பார்கள், எடுத்துவிட்டு முழு டேங்க் போடாமல் போனவர்களையும் எனக்குத் தெரியும். ஏற்றத்தில் இரண்டாம் கியரிலேயே போனால் ஊரில் கொடுக்கிற மைலேஜ் கிடைக்காது. கேனில் கொண்டு போவதென்றால் மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றாதீர்கள், சரியான எரிபொருள் கேனில் கொண்டு போங்கள். உயரத்தில் உள்ளே அழுத்தம் ஏறி உப்பியிருக்கும், மூடியை மெதுவாகத் திருகுங்கள். டயரும் அப்படித்தான், வெளிக் காற்று குறையக் குறைய உள்ளழுத்தம் மீட்டரில் கூடிக்கொண்டே போகும், கரடு முரடான பாதையில் கல் மாதிரி துள்ளும். லேயில் ஒருமுறை அளந்து சரி செய்தால் போதும். சிப்ஸ் பாக்கெட் எல்லாம் பலூன் மாதிரி உப்பிப் பின்சீட்டில் 'டப்' என்று வெடிக்கும், முதல் தடவை டயர் போச்சு என்றுதான் நினைத்தோம்.

வேகாத பருப்பு, குளிரும் முதுகு

4,500 மீட்டரில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், ஆனால் சூடு அவ்வளவுதான். திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பை ஒன்றரை மணி நேரம் வேகவைத்து, கேஸ் தீர்ந்து, பருப்பு கோலிக்குண்டு மாதிரி கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். குக்கர் இல்லாமல் தமிழ்ச் சமையல் அங்கே நடக்காது. குக்கரிலும் ஊரில் மூன்று விசில் என்றால் அங்கே ஐந்தாறு வைக்க வேண்டியிருக்கிறது, அதனால் சின்னப் பருப்பாக, பாசிப் பருப்பாகப் பாருங்கள், அரிசியைப் புறப்படும் முன்பே வறுத்து உடைத்து வைத்துக்கொண்டால் பொங்கல் சீக்கிரம் ஆகிவிடும். அவல், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தொக்கு, இவை நான்கும் எங்களைக் காப்பாற்றின. பசியே எடுக்காத உயரத்தில் ஊறுகாய் வாசனைக்குத்தான் நாக்கு அசைந்தது.

அடுப்பில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் நீளமான கேஸ் கேனில் பெரும்பாலும் பியூட்டேன்தான் இருக்கும். அது சுழியம் டிகிரிக்கு அருகிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும், காலையில் அடுப்பைத் திருகினால் சத்தமே வராது, கேன் மட்டும் கனமாக இருக்கும், உள்ளே தண்ணீர் மாதிரி ஆடும். ராத்திரி கேனைத் துணியில் சுற்றிப் படுக்கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது புரொப்பேன் கலந்த கேன் வாங்குங்கள். அடுப்பைக் கொண்டு எதை வேண்டுமானாலும் செய்யுங்கள், கூடாரத்துக்குள் மட்டும் பற்றவைக்காதீர்கள். குளிர் தாங்காமல் ஜிப்பை மூடிக்கொண்டு உள்ளே கரி போட்டுக் குளிர் காய்கிறவர்கள், காரில் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குகிறவர்கள், இவர்களை எழுப்பிவிடுவது உங்கள் கடமை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவருக்கு அது வருவதே தெரியாது.

ஸ்லீப்பிங் பேக் வாங்குகிறவர்கள் அட்டையில் பெரிதாக இருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறுகிறார்கள். அதில் இரண்டு மூன்று எண் இருக்கும், சுகமாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை ஒன்று, சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய எல்லை ஒன்று. கடைக்காரர் சொல்வது இரண்டாவதை. நீங்கள் வாங்க வேண்டியது முதலாவதை வைத்து. ஆனால் பேக்கைவிட முக்கியம் கீழே விரிப்பது. நம்மை அங்கே குளிர வைப்பது காற்றைவிட அதிகமாகத் தரை. வீட்டில் விருந்தாளி வந்தால் ஊதி விரிக்கிற காற்று மெத்தையைக் கொண்டு வந்த தம்பதி, ராத்திரி முழுக்க முதுகுக்குக் கீழ் ஐஸ் கட்டியை வைத்த மாதிரி இருந்தது என்று விடிகாலையில் காரில் போய் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இருக்கும் காற்று சுழன்று சுழன்று சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். இருநூறு முந்நூறு ரூபாய் ஃபோம் பாய் இரண்டை அடுக்கி விரியுங்கள், அது எவ்வளவோ மேல். ஜீன்ஸ் போட்டுத் தூங்காதீர்கள், நனைந்தால் காயவே காயாது.

பாங்கோங்கில் மதியத்துக்கு மேல் ஏரிக் காற்று எழும்பும். கரையில் மணலும் சரளையும், முளைக்குச்சி பிடிக்காது. குச்சியைப் படுக்கவைத்துக் கயிற்றைக் கட்டி மேலே கல்லை அடுக்கிப் புதைத்தால்தான் கூடாரம் நிற்கும். இதை மொட்டை மாடியில் பழகியவர்கள் ஒருவரும் இல்லை, எங்கள் கூடாரம் ஒன்று ஆள் இல்லாமல் உருண்டுகொண்டே போனதைப் பிடிக்க 4,200 மீட்டரில் ஓடி, முப்பது அடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் நான்தான்.

ஏரி நம்முடையது இல்லை

'த்ஸோ' என்றால் ஏரி. பாங்கோங் த்ஸோ சுமார் 134 கிலோமீட்டர் நீளம், அதில் மூன்றில் ஒரு பங்குதான் நம் பக்கம். தண்ணீர் கரிக்கும், குடிக்கவோ சமைக்கவோ ஆகாது, ஏரிக் கரையில்தானே தங்குகிறோம் என்று கேனைக் காலியாகக் கொண்டு போகாதீர்கள். தண்ணீருக்குள் வண்டியை இறக்கிப் படம் எடுக்கிறவர்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, எழுதினால் நாகரிகமாக வராது.

த்ஸோ மோரிரி ஏரி 4,500 மீட்டருக்கு மேல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2002-லிருந்து இருக்கிறது. த்ஸோ கர் 2020-ல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. கருங்கழுத்துக் கொக்குகள் இந்தப் பக்கத்துச் சதுப்புகளில்தான் முட்டையிடுகின்றன. அதனால் கரையில் கூடாரம் அடிக்க ஆசைப்படாதீர்கள், கோர்சோக் கிராமத்தில் கேட்டுத் தங்குங்கள், அங்கே ஒரு வீட்டில் படுத்தால் காலையில் உப்பு போட்ட வெண்ணெய்த் தேநீர் கிடைக்கும், பிடிக்க இரண்டு நாள் ஆகும். மிச்ச மேகியையும் எலும்பையும் நாய்க்குப் போடுவது புண்ணியம் என்று நினைப்போம். சுற்றுலாக்காரர்கள் போட்ட குப்பையில் பெருகிய நாய்கள்தான் அந்தக் கொக்குகளின் முட்டையையும் குஞ்சையும் தின்கின்றன. சமவெளியில் கியாங் என்கிற காட்டுக் கழுதைக் கூட்டம் தெரிந்தால் வண்டியை ரோட்டிலிருந்து இறக்கித் துரத்தாதீர்கள், டயர்த் தடம் அந்த மண்ணில் வருஷக்கணக்கில் அழியாது. கழிப்பறைக் காகிதமும் அப்படித்தான், அந்தக் குளிரிலும் வறட்சியிலும் எதுவும் மக்காது, ஒரு பையில் போட்டுத் திருப்பி எடுத்து வாருங்கள். கூச்சமாக இருக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும்.

ஹன்லே கிராமத்தில் ஒரு ராத்திரி இருந்தால், தயவுசெய்து இருட்டிய பிறகு ஹெட்லைட் போட்டுக்கொண்டு அலையாதீர்கள். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கிகள் அங்கே இருக்கின்றன. நம்ம ஜவ்வாது மலையில் காவலூரில் தொலைநோக்கி வைத்திருப்பதும் அதே நிறுவனம்தான். 2022 முதல் அந்த வட்டாரமே இருள் வானக் காப்பகம். நாங்கள் போன அன்று எங்கள் வண்டியில் ஒருத்தர் கூடாரத்தைச் சுற்றிக் கலர் கலராக சீரியல் பல்பு கட்டினார், பத்து நிமிடத்தில் கிராமத்துப் பெரியவர் ஒருவர் வந்து, ஒன்றும் பேசாமல், மேலே கையைக் காட்டிவிட்டுப் போனார். பல்பைப் பிடுங்கினோம். கண் பழகக் கால் மணி நேரம் ஆனது. அதற்கப்புறம் அரை மணி நேரம் பதினோரு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, எங்கள் கூட்டத்தில் அது ஒரு சாதனை.

ஹன்லே வரை வந்தவர்களுக்கு உம்லிங் லா ஆசை வரும். 5,800 மீட்டரை ஒட்டிய உயரம், வண்டி போகிற உலகின் உயரமான சாலை என்று 2021-ல் கின்னஸ் சான்றிதழ் வாங்கியது. போகலாம், பயணத்தின் கடைசியில், எல்லாரும் நன்றாகத் தூங்கி எழுந்த நாளில். ஒருத்தருக்குத் தலைவலி என்றாலும் அவரோடு ஒரு வண்டி ஹன்லேயில் இருக்கட்டும். மேலே போனவர்கள் பதினைந்து நிமிடத்தில் படம் எடுத்துவிட்டு இறங்கட்டும், அங்கே கயிறு இழுக்கிற போட்டியெல்லாம் வைக்காதீர்கள். வைத்தார்கள், பார்த்தேன்.

திரும்பும்போது நடக்கிற தவறுகள் வேறு மாதிரி. மலை முடிந்தது என்று நினைப்பு வந்தவுடன் எல்லாருக்கும் வீட்டு அவசரம் பிடிக்கும், இரண்டு வாரத் தூக்கக் கடனோடு ராத்திரி முழுக்க நாலு வழிச் சாலையில் ஓட்டுவார்கள். மணாலியில் ஒரு நாள் நின்று, ஏர் ஃபில்டரைத் தட்டி, பிரேக்கைப் பார்த்து, ஒரு நல்ல தூக்கம் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். நாங்கள் அங்கே வண்டியைக் காலி செய்தபோது சீட்டுக்கு அடியில் ஒரு தண்ணீர் பாட்டில் கிடந்தது. தங்லங் லாவில் யாரோ குடித்துவிட்டு இறுக்கி மூடிப் போட்டது. யாரும் மிதிக்கவில்லை, தானாகவே சப்பிப் போய், நாலு பக்கமும் உள்ளே ஒட்டி அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. மூடியைத் திருகினேன், மூச்சு இழுக்கிற சத்தத்தோடு நிமிர்ந்தது.